ஒரு வயதுக்காரருக்குத் தடுப்பூசி

தடுப்பூசி அறைக்கு வெளியே பதினோரு குழந்தைகளும் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும் காத்திருந்தார்கள்.

மெக்கானிக்குக்கு வயது நாற்பத்துமூன்று. தாழ்வான பெஞ்சில், முழங்கால் மோவாயில் இடிக்காத குறையாக உட்கார்ந்திருந்தார். கால்களுக்கு நடுவே கைத்தடி. அதன் ரப்பர் முனையை ஒரு சின்னவள் தவழ்ந்து வந்து வாயில் வைக்கப் பார்த்தாள்.

பக்கத்தில் அவர் மனைவி. பேக்கரியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"உங்க குழந்தை எங்கங்க?" என்று கேட்டாள் சின்னவளின் அம்மா.

"இதோ" என்று கணவரைக் காட்டினாள் மனைவி.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அப்புறம், சிரித்தது தப்போ என்று விழித்தாள். தப்பே இல்லை. வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து மனைவிக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். அவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். உடம்பைக் காவல் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் சொந்த நரம்புகள் மேலேயே பாயும் நோய். முதலில் இடது கண் மங்கியது. அப்புறம் கால். ஒருநாள் லிஃப்ட் குழிக்குள் இறங்கியவர் ஏணியில் திரும்ப ஏற முடியாமல் நின்றுவிட்டார். நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தும் நோய் மசியவில்லை.

போன வருஷம் ஸ்டெம் செல் சிகிச்சை. புது ரத்தத்தையும் எதிர்ப்புச் சக்தியையும் உண்டாக்கும் அந்த மூலச் செல்களை அவர் ரத்தத்திலிருந்தே பிரித்து உறையவைத்தார்கள். பிறகு கடுமையான மருந்தை ஏற்றி, ஆள் தெரியாத பழைய எதிர்ப்புச் சக்தியை அடியோடு துடைத்தார்கள். கடைசியில், எடுத்துவைத்ததை ஒரு சின்னப் பையிலிருந்து மறுபடி உடம்புக்குள் இறக்கினார்கள். இருபது நிமிஷ வேலை. அதற்கு முன்னும் பின்னுமாக ஒரு மாதம், கிருமி அண்டாத தனியறையின் கண்ணாடிக்கு வெளியே நின்றே அவள் அவரோடு பேசினாள்.

காலில் இழந்த வலு முழுசாகத் திரும்பவில்லை. திரும்பாது என்று டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தார். ஆனால் இந்த ஒரு வருஷமாக நோய் ஓர் அடிகூட முன்னே வைக்கவில்லை. கொட்டிப்போன முடி சுருட்டை சுருட்டையாக முளைத்திருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

புதிதாக வந்த எதிர்ப்புச் சக்திக்குப் பழசு எதுவும் ஞாபகமில்லை, அவ்வளவுதான். செல்களை இறக்கிய நாளைப் பிறந்த நாளாக வைத்து, சின்ன வயதில் போட்ட ஊசி அத்தனையையும் முதலிலிருந்து போட வேண்டும்.

இருபத்தேழாம் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே நர்ஸ் குனிந்தபடி எழுதிக்கொண்டிருந்தாள். "சளி, காய்ச்சல் இருக்கா? நல்லா சாப்பிடுறானா?"

"நல்லா சாப்பிடுறார் சிஸ்டர். சொன்ன பேச்சைத்தான் கேக்க மாட்டேங்கிறார்."

நர்ஸ் நிமிர்ந்தாள். டாக்டரின் கடிதத்தை வாங்கிப் படித்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"ஓ, நீங்கதானா அது! சரி, ஒரு வயசு முடிஞ்சாச்சு. நடக்க ஆரம்பிச்சாச்சா?"

"பிடிச்சுக்கிட்டு நடக்கிறேன்" என்று தடியைத் தூக்கிக் காட்டினார் மெக்கானிக்.

இரண்டு கையிலும் ஒவ்வோர் ஊசி. முப்பது மாடி உயரத்தில் கம்பி வடத்தைப் பிடித்து வேலை செய்த மனிதர், கண்ணை இறுக மூடிக்கொண்டார். யானைப் படம் போட்ட பிளாஸ்திரிதான் இருந்தது. அதையே ஒட்டினாள் நர்ஸ்.

பெரியவர்களுக்கென்று தனித் தடுப்பூசி அட்டையும் இல்லை. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினாள்.

"அம்மை ஊசி இப்போ போடக் கூடாது. அதுல இருக்கிறது உயிருள்ள கிருமி. உங்களுக்கு ரெண்டு வயசு முடியட்டும்." கம்ப்யூட்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். "அடுத்த வருஷம் நவம்பர், ரெண்டாவது புதன்கிழமை."

எழுதியும் விட்டாள்.

"அன்னைக்கு முடியாதுங்க சிஸ்டர்" என்றார் மெக்கானிக்.

"இன்னும் ஒரு வருஷம் இருக்கே சார்!"

"இருக்கட்டும். ரெண்டாவது புதன் எங்க கம்பெனி லிஃப்ட்டுக்கெல்லாம் சோதனை. வருஷா வருஷம் அன்னைக்குத்தான் இன்ஸ்பெக்டர் வருவார். நான் கூட இருக்கணும். அதுக்கு அடுத்த புதன் போடுங்க." பிறகு மனைவி பக்கம் திரும்பி, "குழிக்குள்ள இறங்க மாட்டேன். மேலேயே நின்னு பாத்துக்குவேன்" என்றார்.

நர்ஸுக்கு அது வெறும் தேதி மாற்றம்.

நோயின் பெயர் தெரிந்து ஆறு வருஷம். அந்த ஆறு வருஷமும் வீட்டில் யார் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: பார்க்கலாம். கல்யாணப் பத்திரிகை வந்தால் பார்க்கலாம். பாஸ் பண்ணினால் என்ன வாங்கித் தருவாய் என்று மகள் கேட்டால் பார்க்கலாம். டிரைவிங் லைசன்ஸ் முடிந்தபோது, "அஞ்சு வருஷத்துக்கா? எனக்கு எதுக்கு?" என்று புதுப்பிக்காமலே விட்டார். அடுத்த மாதத்தைத் தாண்டி ஒரு தேதி அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதே இல்லை.

நர்ஸ் பழைய தேதியை அடித்துவிட்டு மேலே புதியதை எழுதினாள். "இது சரிதானே? நீங்க சொல்லுங்கம்மா."

"சரிதான் சிஸ்டர்" என்றாள் மனைவி.

அட்டையை அவள்தான் வாங்கிக்கொண்டாள். மடித்துப் பைக்குள் வைக்கவில்லை. மை காயட்டும் என்று, வாசல் வரைக்கும் விரித்தபடியே பிடித்துக்கொண்டு நடந்தாள்.