ஒரு முனகல்கூட இல்லை

வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மாமியார் முரண்டு பிடித்தார். நாளைக்கு அவருக்கு ரூட் கெனால். பல்லின் வேரை அடைக்கப்போவது, மாப்பிள்ளை ஆய்வகத்தில் புதிதாகக் கண்டுபிடித்த சிமென்ட்.

"பல்லுக்குள்ள சிமென்ட்டா? நான் என்ன சுவரா, மாப்பிள்ளை?"

"பயப்படாதீங்க அத்தை. எத்தனையோ பல்லுல அடைச்சுப் பார்த்தாச்சு. ஒரு முனகல்கூடக் கேட்டதில்ல."

மாமியாரின் முகம் தெளிந்தது. "அப்ப சரி. அவங்கள்ல யாராவது ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டா, நாளைக்கே வாயத் திறந்துடுவேன்."

மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எப்படிம்மா பேசுவே? எல்லாம் பிடுங்கின பல்லு. ஆய்வகத்துல புட்டிக்குள்ள கிடக்கு. ஆளோட சேர்த்து இவருக்குக் கிடைச்ச முதல் பல்லே உன்னோடதுதான்!"

மாமியார் வீங்கிய கன்னத்தைத் தானே பட்டென்று தட்டிக் காட்டினார். கண்ணில் நீர் முட்டியது.

"பாருங்க மாப்பிள்ளை, வலியே இல்ல!"