தமனாஹாவின் இழுத்த கால்

"காலை இழுக்காதேய்யா, உதை!" என்று கத்திக்கொண்டு கேமராவுக்குக் குறுக்கே பாய்கிறார் குஷிகென். இது மூன்றாவது தடவை. நாஹா நகரத்துக் கராத்தே கூடத்தின் மரத்தரையில் வெயில் சாய்ந்து கிடக்கிறது, மின்விசிறி கடகடக்கிறது, தமனாஹா வலது காலைத் தரையோடு இழுத்த நிலையிலேயே முறைக்கிறார். இருவரும் ஒரே ஆசானிடம் பயின்றவர்கள். இன்று பதிவாகும் அசைவுகளைத்தான் இனி எல்லாக் கூடங்களும் பழகும். "ஆசான் எனக்கு இப்படித்தான் காட்டினாரு. அன்னிக்கு நீ தூங்கியிருப்பே!" என்கிறார் தமனாஹா. "நாப்பது வருஷமா இதே புளுகு!" குஷிகெனின் கழுத்து நரம்பு புடைக்கிறது. காலமான ஆசானின் மகள் ஃபுமிகோ கேமராவை அணைக்கிறாள். "அப்பா சொல்லக் கூடாதுன்னாரு, சொல்லித் தொலைக்கிறேன். தமனாஹா அண்ணே, கரும்பு வெட்டுல உங்க முட்டி போச்சுல்ல? நீங்க மனசொடைஞ்சு பயிற்சிய விட்டுடக் கூடாதுன்னு, உங்களுக்கு மட்டும் அந்த உதையை எடுத்துட்டு, காலை இழுக்கிற மாதிரி மாத்திக் காட்டினாரு."