எட்டுக் கட்டில்

மேற்கு வர்ஜீனியாவில் அந்த மலைப்பக்கத்துக்கே முதியோர் இல்லம் ஒன்றுதான். அதில் கட்டில் எட்டுதான். இடத்துக்குக் காத்திருப்பவர்களில் டெல்மரின் மனைவி நோரீன் பெயர் முதலில் இருந்தது. புத்தி தடுமாறிப்போனவள், பனியில் வெறுங்காலோடு இரண்டு முறை வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

டெல்மர் ஞாயிறுதோறும் அவித்த பீன்ஸும் சோள ரொட்டியும் கொண்டுவந்து, கடைசி அறை ஹோபர்ட்டுக்கு ஊட்டினான். "தங்கமான மனுஷன்" என்றார்கள் பணிப்பெண்கள்.

அவன் வந்தது ஹோபர்ட்டின் இருமலுக்குக் காது கொடுக்க. முப்பது வருஷம் நிலக்கரிச் சுரங்கக் கூரையைத் தட்டிப் பார்த்து, எப்போது இடியும் என்று சத்தத்திலேயே சொன்னவன். கரித்தூசி அரித்த நெஞ்சும் அப்படித்தான். ஹோபர்ட் இருமினால், இன்னும் எத்தனை வாரம் என்று தெரிந்துவிடும்.

"என்னடா தம்பி, இன்னிக்கு என் நெஞ்சு என்ன சொல்லுது?"

டெல்மரின் கரண்டி பாதியில் நின்றது. "அண்ணே, அது வந்து..."

"நடிக்காத. நானும் கூரை தட்டினவன்தான். என் கட்டில் நோரீனுக்குத்தானே? தாராளமா எடுத்துக்க. ஒரு மாசம் பொறு, போதும்."

"மன்னிச்சிருண்ணே."

"அதை விடு. நீ பக்கத்துல உக்காந்திருக்கறப்ப நானும் சும்மா இல்ல. உன் நெஞ்சைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்." ஹோபர்ட் மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்தார். "நேத்து ஆபீஸ்ல சொல்லி உன் பேரையும் எழுத வச்சுட்டேன். உனக்கு முன்னாடி பதினாலு பேரு. உன் நெஞ்சு அதுவரைக்கும் தாங்காதுடா."

மேற்கொண்டு அவர் காதில் எதுவும் விழுந்துவிடக் கூடாது என்று டெல்மர் மூச்சை அடக்கிக்கொண்டான்.