ஐந்து துளைப் பட்டை

நட்டு அசையவில்லை.

அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். மறுபடி மாட்டினார். மறுபடியும் அசையவில்லை.

மூன்று நாளாக நட்டு மண்ணெண்ணெய் குடிக்கிறது. காலையில் பத்துச் சொட்டு, சாயங்காலம் பத்துச் சொட்டு. காய்ச்சல் பிள்ளைக்கு மருந்து கொடுப்பதுபோல நேரம் தவறாமல் கொடுத்தாயிற்று.

மொபட்டு சுவரோரம் ஸ்டாண்டு போட்டு நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் மணல், மணலுக்கு அந்தப் பக்கம் கடல். அந்தக் காற்றுக்கு இரும்பு என்றால் கருப்பட்டி.

பின் சீட்டுக்குக் கீழே பெண்கள் கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட். அதைத் தாங்குகிற பட்டையில் மேலிருந்து கீழாக ஐந்து துளை. மேல் இரண்டில் போல்ட்டு. கீழ் மூன்றும் சும்மா. வண்டி வாங்கின புதிதில், ஒரு மனுசிக்கு எதுக்குடா இத்தனை துளை என்று அதைச் செய்தவனை ஏசியிருக்கிறார்.

இப்போது அந்தக் கீழ்த் துளைகள் வேண்டும்.

மனைவி அமலோற்பவத்துக்கு முட்டி உடைந்து ஏழு மாதம். உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். கம்பை ஊன்றி நடக்கிறாள். முட்டி மட்டும் பாதிக்கு மேல் மடங்காது. இந்த உயரத்தில் அவளால் கால் வைக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அவள் ரொசாரியின் ஆட்டோவில் போகிறாள். இவர் அதில் ஏறமாட்டார். அந்த ஆட்டோவின் பிரேக்கை இவர் நம்பவில்லை. ரொசாரியையும் நம்பவில்லை. அதனால் ஆட்டோவுக்குப் பின்னாலேயே மொபட்டில் போவார். பின் சீட்டு காலியாக. ஆட்டோ ஓரத்தில் பறக்கிற சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டே.

ஏழு மாதமாக.

நாளைக்கு ஞாயிறு.

ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருக்கலாம். போனால் என்ன செய்வான்? வண்டியைப் பார்த்ததுமே கிரைண்டரை எடுப்பான். வெட்டித் தள்ளிட்டுப் புதுசு மாட்டிக்கிடலாம் பெரியவரே என்பான். போல்ட்டை வெட்டுகிறேன் என்று பட்டையையும் சேர்த்து வெட்டுவான்.

பட்டை போனால் துளையும் போச்சு.

ஸ்பானரின் வாலில் ஒரு முழப் பைப்பைச் சொருகினார். அழுத்தினார். கைக்குள் இரும்பு இளகுவதுபோல் இருந்தது.

உடனே விட்டுவிட்டார்.

அந்த இளக்கம் பொல்லாதது. கழலப் போனாலும் இளகும், முறியப் போனாலும் இளகும். கழலுகிறது கிரீச்சென்று கத்தும். முறிகிறது கத்தாது.

இது கத்தவில்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். போல்ட்டின் நுனியில், துருவுக்கு அடியில் என்னமோ தெரிந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார்.

மூன்று புள்ளி.

பஞ்ச் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்த புள்ளிகள். நுனியை நசுக்கி, நட்டு இந்தச் சென்மத்தில் கழன்று விழாதபடி பண்ணியிருந்தது. அடுத்த போல்ட்டைத் தேய்த்தார். அதிலும் மூன்று.

மூன்று நாள் துருவை ஏசியது வீண். இது மனுசன் பார்த்த வேலை.

எந்தப் படுபாவி என்று ஆரம்பித்தார். பஜார் மெக்கானிக்கை ஏசினார். அவன் மச்சானை ஏசினார். போன வருசம் பஞ்சர் ஒட்டினவனையும் விடவில்லை. இதைச் செய்தவன் கை விளங்காது என்று முடித்தார்.

அவள் வாசலுக்கு வந்து நின்றாள்.

"கையச் சபிக்காதீங்க. உங்க கைதான் அது. நான்தான அந்தப் பக்கம் ஸ்பானரப் புடிச்சிக்கிட்டு இருந்தேன்."

அவர் மறுபடி அந்தப் புள்ளிகளைப் பார்த்தார்.

பல வருசத்துக்கு முன்னால், மணப்பாட்டுத் திருவிழாவுக்குப் போன வழி. ஓடுகிற வண்டியில் நட்டு கழன்று ஃபுட்ரெஸ்ட் தொங்கிவிட்டது. அவள் மூத்தவளை வயிற்றில் வைத்திருந்தாள். விழவில்லை. அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். முதுகோடு கிழிந்தது. வீட்டுக்கு வந்து அந்தக் கிழிந்த சட்டையைக்கூடக் கழற்றாமல் அவர் சுத்தியலைத் தேடினார்.

இப்போது அரத்தைத் தேடினார்.

புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். அவள் நாற்காலியைப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தாள்.

ஸ்பானர். பைப்பு. மெல்ல.

கிரீச்.

அவள் சிரித்தாள். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இரண்டாவதும் கத்திக்கொண்டே கழன்றது.

கீழ்த் துளைகளைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. மூன்றாவதிலும் நான்காவதிலும் இருந்ததை ஆணியால் குத்தி எடுத்தார். அந்த இரண்டிலும் புது போல்ட்டு மாட்டி இறுக்கினார். அவளைக் கைபிடித்துப் பின் சீட்டில் உட்காரவைத்தார்.

கால் பதிந்தது. முட்டி நோகவில்லை.

இறங்கச் சொன்னார். அவள் இறங்கவில்லை. ரொசாரிக்குக் காலையிலேயே போன் போட்டு, நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று என்றாள்.

காலையில் நட்டு அசைந்திருக்கவே இல்லை.

அவர் ஸ்பானரைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அவள் குனிந்து போல்ட்டுகளைப் பார்த்தாள்.

"இந்தத் தடவ பஞ்ச் அடிக்கலியா?"

பஞ்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. சுத்தியலும்.

அவர் ஐந்தாவது துளையைப் பார்த்தார். அதில் இன்னும் மண் இருந்தது. ஆணியை எடுத்து அதையும் சுத்தம் பண்ணினார்.

பிறகு கிரீஸ் டப்பாவைத் திறந்து, இரண்டு நட்டின் மேலும் துரு ஏறாதபடி விரலால் தடவினார்.

கொஞ்சம் கூடுதலாகவே.