உம்மணாமூஞ்சி மேல் ஒரு புகார்

"அணைடீ, அடுப்பை அணை!"

வாயாடி போட்ட சத்தத்தை அலாரம் போட்ட சத்தம் விழுங்கிவிட்டது. கடாயில் மிளகாய் கருகிக்கொண்டிருந்தது. சமையலறை முழுக்கப் புகை. பயந்தாங்கொள்ளி இருமிக்கொண்டே அடுப்பை அணைத்தாள்.

கைப்பேசித் திரையில் வாயாடியின் அக்கா மட்டும் நிதானமாக இருந்தாள். "எண்ணெய் நல்லா புகைஞ்சுதா? இப்ப வெங்காயத்தைப் போடு."

"அக்கா, நீ முதல்ல போனை வை!"

மேல்படிப்புக்காகக் கடல் கடந்து வந்த இருவருக்கும் பாடம் புரிந்துவிட்டது, குளிர் பழகிவிட்டது. சமையல்தான் இன்னும் கைக்கு வரவில்லை. எண்ணெய் புகைய வேண்டும் என்பது அக்கா வீட்டு அடுப்படிக்குச் சரி. இந்த மாணவர் விடுதியின் அலாரத்துக்கு அந்தப் பக்குவமெல்லாம் தெரியுமா? துளிப் புகை மூக்கில் ஏறினால் போதும், மொத்தக் கட்டடத்தையும் முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் உம்மணாமூஞ்சி. எதிர் அறையில் இருக்கும் ஆராய்ச்சி மாணவர். வேறு ஏதோ தேசத்துக்காரர். சிரித்தால் வரி கட்டச் சொல்வார்களோ என்று பயந்த மாதிரி ஒரு முகம். அந்தப் பெயரை வைத்தது வாயாடிதான்.

மனிதர் விறுவிறுவென்று ஜன்னலைத் திறந்தார். பிறகு இருவரையும் பார்த்து, கோழியை விரட்டுவது போலக் கையை ஆட்டினார்.

"பாத்தியாடீ? எப்பவும் இதே கதைதான். நம்மள விரட்டி விட்டாத்தான் அவருக்குத் தூக்கம் வரும்," என்று படியிறங்கும்போதே பொருமினாள் வாயாடி.

முற்றத்துக் குளிரில் விடுதியே நின்றுகொண்டிருந்தது. ஒருத்தி போர்வையைச் சுற்றிக்கொண்டு. ஒருவன் தலை நிறைய சோப்பு நுரையோடு. யாரால் இந்தக் கூத்து என்று யாரும் கேட்கவில்லை. ஆனாலும் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்? இருவரும் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பயந்தாங்கொள்ளிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஏற்கெனவே மாட்டிக்கிட்டு எச்சரிக்கை வாங்கியாச்சு. இன்னொரு தடவை உங்களால அலாரம் அடிச்சா அறையைக் காலி பண்ணணும்னு வார்டன் சொன்னாங்கல்ல?"

"அதுக்கப்புறம் ஒரு தடவை அடிச்சுதே, ஒண்ணும் ஆகலையே! அவங்க மறந்திருப்பாங்கடீ."

"எப்பவும் மறப்பாங்களா? அடுத்த வாரம் பரீட்சை. பெட்டியைத் தூக்கிக்கிட்டு எங்கடீ போறது? எங்கப்பாகிட்ட என்னன்னு சொல்றது?"

வாயாடியின் கைப்பேசி சிணுங்கியது. வார்டனிடமிருந்து செய்தி. இருவரும் உடனே அலுவலகத்துக்கு வர வேண்டுமாம்.

இருவருக்கும் பகீரென்றது. போதாக்குறைக்கு, அவர்கள் அலுவலக வாசலுக்குப் போகவும், உள்ளேயிருந்து உம்மணாமூஞ்சி வெளியே வரவும் சரியாக இருந்தது. அவர் இவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போய்விட்டார்.

"போட்டுக் கொடுத்துட்டுப் போறாருடீ!" வாயாடி பல்லைக் கடித்தாள். "இரு, நாம முந்திக்கணும். நாமளும் அவர் மேல ஒரு புகார் சொல்லிடுவோம்."

"என்னன்னு?"

"நம்ம சமையல் வாசனையே அவருக்கு ஆகலைன்னு. அடுப்பைப் பத்த வெச்சாலே வந்து விரட்டறாருன்னு. உண்மைதானே?"

"மிளகாயைக் கருக்கினது நாமதானேடீ?"

"அதை அவங்க கேட்டா சொல்லிக்கலாம், வா."

வார்டன் அம்மாள் உட்காரச் சொன்னார். அவர் பேச்சை ஆரம்பிக்கும் முன்பே வாயாடி ஆரம்பித்துவிட்டாள். பதற்றத்தில் அந்த ஊர் மொழியின் இலக்கணமெல்லாம் காற்றில் பறந்தது. விஷயம் மட்டும் தெளிவாகவே போய்ச் சேர்ந்தது.

"எதிர் அறைக்காரரால எங்களுக்கு நிம்மதியே இல்ல மேடம். சமையலறையில எங்களை நிக்கவே விடமாட்டேங்கறார். இன்னிக்குக்கூடக் கையை ஆட்டி விரட்டினார். அவரை வேற மாடிக்கு மாத்துங்க மேடம்."

வார்டன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியா? உங்களைக் கூப்பிட்டதே அவர் விஷயமாத்தான்."

"நினைச்சேன்!" என்றாள் வாயாடி.

பயந்தாங்கொள்ளி நாற்காலியின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பெட்டியில் எதை முதலில் அடுக்குவது என்பது வரை அவள் மனசுக்குள் போய்விட்டாள்.

"என்ன மனுஷரோ!" என்று அலுத்துக்கொண்டார் வார்டன். "ஆராய்ச்சியில பெரிய கெட்டிக்காரராம். ஆனா வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது போல. போன தடவை அலாரம் அடிச்சப்பவும், 'நான்தான் கருக்கிட்டேன்'னு வந்து நின்னார். இன்னிக்கும் அதேதான். விதிப்படி பார்த்தா இப்பவே அவர் அறையைக் காலி பண்ணியிருக்கணும். ரொம்ப நாளா இருக்கறவர்னு கடைசியா ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கேன்."

வாயாடி பயந்தாங்கொள்ளியைத் திரும்பிப் பார்த்தாள். பயந்தாங்கொள்ளி மெல்லத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன்," வார்டன் சிரித்தார். "நீங்க சமைச்சா மாடியே மணக்கும்னு அவர்தான் என்கிட்ட எப்பவும் சொல்லுவார். இருக்கற கோபத்தையெல்லாம் மறந்துட்டு, பாவம், அந்த மனுஷருக்குக் கொஞ்சம் கருக்காம சமைக்கக் கத்துக் கொடுங்களேன்!"