நெடுங்கரை ஏரியின் மூன்றாவது துளி

ஏரிகளுக்கு இறப்புச் சான்று எழுதுவது இப்போது சுற்றுச்சூழல் அறிவியல் இறுதியாண்டு மாணவர்களின் வேலை. எந்த ஏரியில் மூன்று ஆண்டுகள் பாடம் படித்தார்களோ, அதற்கு அவர்களே கையெழுத்துப் போட வேண்டும். பெனிட்டாவின் ஏரி நெடுங்கரை. அது செத்துவிட்டதாக அவள் எழுதினால், கடல் கொண்டுபோன குப்பத்தின் மக்களுக்கு அங்கே வீடு கட்டித் தருவார்கள். அவளும் அம்மா லூர்துவும் அந்தக் குப்பத்துக்காரர்கள்தான். இப்போது தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள்.

ஏரியின் மூன்று இடங்களில் தண்ணீர் எடுத்துக் கொட்டகைக்குக் கொண்டுவந்திருந்தாள். முதல் இரண்டிலும் எதுவும் அசையவில்லை. மூன்றாவது துளியைக் கல்லூரி நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தவள் நிமிரவே இல்லை.

"முடிஞ்சுதாடி?" என்றாள் லூர்து.

"ஒண்ணு நீந்துதும்மா."

"கண்ணுக்கே தெரியாத ஒண்ணுக்காக நாம இந்தத் தகரத்துல வேகணுமா? தொடச்சிட்டு எழுது."

"நீயே பாத்துட்டுச் சொல்லு."

லூர்து எரிச்சலோடு குனிந்தாள். பொடிப்பூச்சி ஒன்று வாலின் இருபுறமும் பைகளைச் சுமந்தபடி தாவித் தாவி நீந்தியது.

"அது என்னடி மூட்டை?"

"முட்டைம்மா."

லூர்து மறுபடி குனிந்து பார்த்தாள். வலையில் முட்டை சுமக்கும் சினை நண்டு சிக்கினால் குப்பத்தில் யாரும் கரைக்குக் கொண்டுவர மாட்டார்கள், கடலிலேயே விட்டுவிடுவார்கள்.

"கீழ ஊத்திடாத. ஏரியிலயே கொண்டுபோய் விடு."

வெளியே பக்கத்துக் கொட்டகைப் பெண்கள் முடிவு தெரிந்துகொள்ளக் காத்திருந்தார்கள். ஏரி சாகவில்லை என்று அவர்களிடம் சொல்ல, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு லூர்து எழுந்தாள்.