தொண்ணூற்றாறு சதவீதம்

நஜீமுதீன் தன் மகளை இன்னும் பார்த்ததில்லை. பிறந்து மூன்று மாதம் ஆகிறது.

இன்றைக்குப் பார்த்தே ஆக வேண்டும் என்று ரியாத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வந்து உட்கார்ந்திருந்தார். ஜும்மா தொழுகைக்கு அடைத்த, அவர் வேலை பார்க்கும் கடையை முதலாளி திறக்கப் பத்து நிமிஷம்தான் பாக்கி.

இங்கே லப்பைக்குடிக்காட்டில், என் சென்டரில், காமிரா உள்ள ஒரே கம்ப்யூட்டர் அசைய மறுத்தது. நஜீமுதீன் வாயைத் திறந்தபடி கட்டம் கட்டமாக நின்றுவிட்டார்.

"மர்ஜியாக்கா, அவரு போயிடுவாருக்கா. ஏதாச்சும் பண்ணுங்க."

அவர் மனைவி சாகிராவின் மடியில் பிள்ளை. அவர் அளவு தெரியாமல் வாங்கி அனுப்பிய கவுன். கைகள் உள்ளேயே தொலைந்துபோயிருந்தன.

எது எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தேன். திரையில் எல்லாவற்றையும் வரைந்து காட்டுகிற புரோகிராம், அது ஒன்றே தொண்ணூற்றாறு சதவீதம் தின்றுகொண்டிருந்தது. மிச்சம் நாலில் பாவம் அந்த மனுஷன் எப்படி அசைவார்?

அது தானாகத் தின்னாது. யாராவது விடாமல் வரையச் சொன்னால்தான் தின்னும்.

பின்னால் ஓடுகிற அருவிப் படத்தை எடுத்தேன். தொண்ணூற்றைந்து.

மூலையில் இருந்த கடிகாரத்தை நிறுத்தினேன். நிறத்தைக் குறைத்தேன். தொண்ணூற்றாறு.

காமிரா வயரைப் பிடுங்கிச் செருகினேன். தங்கள் முறைக்காக பெஞ்சில் காத்திருந்த பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. கம்ப்யூட்டரைத் திட்டினேன், கரண்டைத் திட்டினேன். அருவிப் படத்தைக்கூடத் திட்டினேன்.

பிள்ளை சிணுங்க ஆரம்பித்தது. சாகிரா என் முகத்தையே பார்த்தாள்.

வேறு வழியில்லை. நஜீமுதீன் முகத்துக்கு அடியில் மறைந்திருந்த ஒரு சின்ன விண்டோவை மூடினேன்.

ஒன்பது சதவீதம்.

நஜீமுதீன் வாயை மூடினார். சாகிரா கவுனின் கைகளைச் சுருட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

என்னவாம் அதற்கு என்று பெஞ்சிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"தேவையில்லாதது ஒண்ணு ஓடிக்கிட்டு கெடந்துச்சு" என்றேன்.

அந்தச் சின்ன விண்டோவில் இருந்தது என் வீட்டுக்காரர் ஆகிப்பின் பெயர். பக்கத்தில் ஒரு பச்சை வட்டம், அழைத்துக்கொண்டிருக்கிறது என்று ஓயாமல் சுற்றும். தினமும் கடை திறந்ததும் முதல் வேலையாக அவரைக் கூப்பிட்டு வைத்துவிடுவேன். பதினோரு மாதமாக எடுக்கவில்லை.

பட்டியலைத் திறந்தபோதே அந்த வட்டம்தான் தின்கிறது என்று எனக்குத் தெரியும்.

சாகிராவின் பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷத்தைத் தின்றது நான்தான்.